வெள்ளம் வடிந்த ஆறும் குயிலின் சாட்சியும்: பாலைக்கலி 34-ஐ முன்வைத்து ஒரு வாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

சங்க அகப்பாடல்களில் இளவேனில் வருணனை, பிரிந்த தலைவியின் துயரை மிகுவிக்கும் பின்னணியாகவே பெரிதும் விளக்கப்பட்டு வந்துள்ளது. வெள்ளம் வடிந்து அறல் தோன்றிய ஆறும், அதன் கரையில் மீண்டும் கேட்கும் குயிலின் குரலும் அப்பாடல்களில் பின்னணிக்கு மேற்பட்ட பணியைச் செய்கின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து. கலித்தொகையின் 34ஆம் பாடல் இதற்கு முதன்மைச் சான்றாகிறது. ஐங்குறுநூற்று இளவேனிற்பத்தும் குறுந்தொகையின் 10, 25, 192ஆம் பாடல்களும் ஒப்பீட்டிற்குக் கொள்ளப்படுகின்றன. பெற்ற நீருக்கு மரங்கள் செய்யும் கைம்மாறு, குயிலின் விளி, பொய்ச்சாட்சியால் வாடும் மரம் ஆகிய மூன்றும் ஒரே அறச்சிக்கலின் பகுதிகள் என்பது நிறுவப்படுகிறது.

திறவுச் சொற்கள்: பாலைக்கலி, இளவேனில், அறல், குயில், கரி, காஞ்சி

பின்னணி என்னும் சொல்லின் குறை

பருவம் வந்தது, தலைவன் வரவில்லை, ஆகவே தலைவி வருந்தினாள். இளவேனிற் பாடல்களைப் பற்றிய வகுப்பறை விளக்கம் பெரும்பாலும் இந்த மூன்று தொடர்களுக்குள் அடங்கிவிடுகிறது. பூத்த மரமும் பாடும் பறவையும் மகிழ்ச்சியின் அடையாளங்கள், அவற்றுக்கு எதிரே தலைவியின் துயர் நிறுத்தப்படுகிறது, முரண் பிறக்கிறது. தவறான விளக்கம் அன்று. ஆனால் எந்த இளவேனிற் பாடலுக்கும் இதே விளக்கம் பொருந்துமாயின், ஒரு பாடலில் ஏன் ஆறு வருகிறது, இன்னொன்றில் ஏன் வேம்பு வருகிறது, ஒரு குயில் மாமரத்திலும் மற்றொரு குயில் காஞ்சியிலும் ஏன் அமர்கிறது என்பவற்றுக்கு அது விடை தராது. கருப்பொருள் பட்டியலாக எஞ்சிவிடும்.

இக்குறையைப் பாலைக்கலி அளவுக்கு வெளிப்படையாகக் காட்டும் பகுதி வேறில்லை. பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியதாக மரபு கூறும் இப்பகுதியின் 35 பாடல்களில் (கலி. 2–36) இறுதிப் பகுதிப் பாடல்கள் பல, சுரத்தின் வெம்மையை விட்டு ஊரருகே ஓடும் ஆற்றங்கரைக்கு வந்துவிடுகின்றன. பாலைத்திணையின் பாடல்களில் நீர் இவ்வளவு இடம்பெறுவது ஏன் என்பதே முதலில் எழ வேண்டிய வினா.

வடிந்த நீர்

அறல் என்ற சொல்லை அகராதிகள் நீர், நீரற்ற மணல், கருமணல் எனப் பலவாறு பொருள் கூறுகின்றன. இவற்றுள் எதுவும் தனியே போதாது. பெருக்கு வடிந்தபின் மெல்லிய நீர் மணல்மேல் ஓடி, அம்மணலை வரிவரியாக நெளிவித்துவிட்டுச் செல்லும் நிலையே அறல். நீரும் மணலும் சேர்ந்து உண்டாக்கும் வடிவம் அது. மகளிர் கூந்தலுக்கு அது உவமையாவது நெளிவினால். மணல் அள்ளப்பட்டுக் களியும் முட்புதரும் எஞ்சிய ஆறுகளை மட்டுமே கண்டு வளர்ந்த இன்றைய மாணவருக்கு இவ்வுவமை உரையின் துணையுடன்கூடப் புரிவது கடினம் என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

அறல் ஒரு காலக்குறிப்பும் ஆகும். பெருக்கின்போது அது இல்லை. ஆறு முற்றும் வறண்டபின் காய்ந்த தடமே உண்டு. இரண்டுக்கும் இடைப்பட்ட சில வாரங்களில் மட்டுமே அது உயிரோடு இருக்கிறது. பாலைக்கலி இந்த இடைக்காலத்தைப் படிப்படியாகப் பின்தொடர்கிறது. 31ஆம் பாடலில் விரைந்த புனலின் கலங்கல் தெளிந்து, கயத்தின் அருகே நுண்மணல் தலைகாட்டத் தொடங்குகிறது, அது பனிப்பருவம். 29ஆம் பாடலில் நிலம் பிள்ளை பெற்றவளாகக் காட்டப்படுகிறது. பல பயனும் ஈன்று தளர்ந்து கிடந்த உலகம், ஈன்றணிமை நீங்கிப் புதுநலம் பெறுகிறது. மணல்மேட்டைப் பிளந்து அறல் ஒழுகுகிறது. 33ஆம் பாடலில் நிலத்தின் அழகைக் காண ஆறு கண் விழித்ததுபோலக் கயங்கள் பொலிகின்றன. மூன்று பாடல்களிலும் வேனிலுக்கு முன் நிகழ்ந்தது மறக்கப்படவில்லை. வெள்ளம் வந்து போயிருக்கிறது. அழகு அதன் பின்விளைவு.

ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையாரின் இளவேனிற்பத்து (341–350) இதே வரிசையை வேறு வகையில் காக்கிறது. பத்துப் பாடல்களும் அவர் வரவில்லை, பொழுதோ வந்துவிட்டது என்னும் ஒரே கருத்துடன் தொடங்குபவை. நுணா, கோங்கு, குரவு, அதிரல், பாதிரி, புன்கு, மரா, மா, வேம்பு என மலரும் தளிரும் வரிசையாக வருகின்றன. ஆனால் முதற்பாடலில் மரமே இல்லை. அங்கே இருப்பவை இரண்டு: குயிலின் குரல், நுண்மணல் நெளியும் அறல். நீர் வடிய வேண்டும், குரல் எழ வேண்டும். அதன் பிறகே மரங்கள்.

கைம்மாறு செய்யும் மரங்கள்

கலித்தொகை 34ஆம் பாடலின் தொடக்கம் இந்த வரிசைக்கு அறப்பொருள் தருகிறது. உயிர்கள் இன்புறுமாறு உலகைப் புரந்த ஆறு, மிகுந்த நீரால் எங்கும் பரந்து ஊட்டியது. அக்காலம் கழிந்தபின் சிறிதளவு நீரோடு, அறல் ஒழுக, அகன்ற ஆறு அழகு பெற்றுக் கிடக்கிறது. அப்போது மரங்கள் தம் கிளைகளிலிருந்து பலவகை மலர்களை அதன்மேல் உதிர்க்கின்றன. முன்னொரு காலத்தில் தமக்கு உதவி செய்து உழைத்தவர் தளர்ந்துபோன இறுதிக் காலத்தில், தாம் மீண்டும் அவர்க்கு உதவும் பெருமையுடையோர்போல, என்று பாடல் உவமிக்கிறது.

ஆற்றின் பெயர் பாட்டில் இல்லை. பெயர் இல்லாததால் அதன் நிலை மேலெழுகிறது: கொடுத்து ஓய்ந்த ஒருவரின் நிலை. உலகுக்கு ஊட்டிய பெருவெள்ளத்தைக் கொடையாகவும், கோடையை நோக்கிய மெலிவை முதுமையாகவும், மலருதிர்வைக் கைம்மாறாகவும் பாடல் வைக்கிறது. பூக்கள் நீரில் விழுவது எந்தக் கவிஞரும் காணக்கூடிய காட்சி. அதை நன்றியாகக் கண்டது இக்கவிஞரின் தனித்த நோக்கு. சற்று அழுத்திச் சொல்வதாயின், பிரிந்தவனைப் பற்றி ஒரு சொல்லும் வருவதற்கு முன்பே அவனை அளப்பதற்கான அளவுகோல் நிலத்திலேயே நாட்டப்பட்டுவிட்டது. பெற்றதைத் திருப்பித் தரும் காலம் இது. மரம் தருகிறது. அவன்?

திரும்பி வருவது எது

பறவை திரும்பி வருவதால் வசந்தம் தொடங்குகிறது என்பது வலசைப் பறவைகளை நம்பியிருக்கும் குளிர்நாடுகளின் மரபு. தமிழ்நிலத்துக் குயில் ஆண்டு முழுவதும் இங்கேயே இருப்பது. மழையிலும் பனியிலும் அது பெரிதும் வாய் மூடியிருக்கிறது. வேனில் நெருங்க, இனப்பெருக்கக் காலத்தில் அதன் குரல் ஓயாது ஒலிக்கிறது. திரும்பி வருவது பறவை அன்று, குரல். இளவேனிற்பத்தும் குயில் வந்ததாகக் கூறவில்லை. வந்தது பொழுது, குயில் அந்தப் பொழுதின் அடையாளம். குயில் எங்கும் போகவில்லை. போனவன் ஒருவனே. இந்த வேறுபாட்டை மறந்து அப்பாடல்களைப் ‘பறவைகள் திரும்பும் பருவப் பாடல்கள்’ என வகைப்படுத்தினால், அவற்றின் கூர்மை மழுங்கிவிடும்.

341ஆம் பாடல் இனிய குரலைக் குயிற்பெடையோடு சேர்த்துச் சொல்வது ஒரு சிறு சிக்கல். மனிதச் செவிக்கு இனிதாகப் படும் அந்த நீண்ட கூவல் ஆண்குயிலுடையது. பெட்டையின் ஒலி விட்டுவிட்டு விரையும் கீச்சொலி. பெடை என்பதை எழுவாயாகக் கொள்ளும் வழக்கமான உரை இதனைக் கடந்து சென்றுவிடுகிறது. குயிலானது பெடையை இனிய குரலால் அழைக்க என்று கொள்வதற்கும் தொடர் இடம் தருகிறது. லகர ஈறு வல்லினத்தின்முன் வேற்றுமையில் றகரமாகத் திரியும் என்றும், அல்வழியில் திரிந்தும் திரியாதும் வரும் என்றும் தொல்காப்பியம், நன்னூல் இரண்டும் கூறுவதால், புணர்ச்சி வடிவம் மட்டும் இப்பொருளைத் தடுக்காது. அவ்வாறு கொண்டால் பாடல் ஆழம் பெறுகிறது: குயில் தன் துணையை அழைக்கிறது, தன் துணையால் அழைக்கப்படாதவள் அதைக் கேட்டிருக்கிறாள். எனினும் கவிதையைப் பறவையியலைக் கொண்டு திருத்துவது எளிதில் எல்லை மீறும் பழக்கம். ஆகவே இது ஒரு வாய்ப்பான பொருள் என்பதற்கு மேல் வற்புறுத்தத் தக்கதன்று. இதே பத்தின் 346ஆம் பாடலில் சிவந்த கண்ணையுடைய கரிய குயில் வருகிறது. கருமை ஆணுக்குரியது, பெட்டை புள்ளிகளும் கோடுகளும் கொண்ட பழுப்பு நிறத்தது என்பதை இத்துடன் வைத்துப் பார்க்கலாம்.

உரைகல்லாகிய பறவை

கச்சிப்பேட்டு நன்னாகையார் பாடிய குறுந்தொகை 192ஆம் பாடலில் கரிய குயில் மாங்கிளையின் பூந்தாதைக் கோதுகிறது. தாது படிந்த அதன் தோற்றம், பொன்னை உரைத்த தடம் விளங்கும் கட்டளைக்கல்லுக்கு உவமிக்கப்படுகிறது. கருமையில் மஞ்சள் கீற்று என்ற நிற ஒப்புமை வெளிப்படையானது. ஆயினும் கட்டளைக்கல் அழகுப்பொருள் அன்று. பொன் மெய்யா பொய்யா என்று சோதிக்கும் கருவி. அப்பாடலின் சூழலில் சோதனைக்கு உள்ளாவது தோழியின் சொல். அவர் வந்துவிடுவார், வருந்தாதே என்கிறாள் தோழி. அதை ஏற்க மறுத்து, அழாதிருப்பேனோ என்கிறாள் தலைவி. பூச்சூடாத தன் வெறுங்கூந்தலைத் தடவிக்கொண்டிருக்கும் அவள் எதிரே உரைகல் நிறத்தில் ஒரு பறவை. பருவம் வந்ததா என்பதை அறியக் குயில் போதும். அவன் சொல் மாற்றுக் குறைந்தது என்பதை அறியவும் அதுவே போதும்.

நீர்க்கரைப் பறவை சாட்சியாவது அகமரபுக்குப் புதிதன்று. கபிலரின் குறுந்தொகை 25ஆம் பாடலில், தலைவன் தன்னைக் களவில் மணந்த நாளில் அங்கே வேறொருவரும் இல்லை என்கிறாள் தலைவி. ஓடும் நீரில் மீனை நோக்கி நின்ற குருகு ஒன்று மட்டும் இருந்தது. அந்தச் சாட்சி பேசாது. அதன் கவனமெல்லாம் இரைமேல். அவன் மறுத்தால் அவளுக்கு ஒரு வழியும் இல்லை என்பதே அப்பாடலின் அச்சம். வேனிற் குயில் இதற்கு நேர்மாறான சாட்சி. அதைப் பேசாதிருக்கச் செய்ய யாராலும் முடியாது.

பொய்த்தவர் யார்

கலித்தொகை 34க்குத் திரும்பினால், இந்தச் சாட்சியின் முன் தலைவி ஒரு கடினமான முடிவெடுத்திருப்பது புலனாகும். விரிந்த காஞ்சிப்பூவின் தாதில் ஆடிக் கரிய குயில் அழைக்கிறது. பிரிவுக்கு அஞ்சாதவரின் தீமையை மறைத்துவிடலாம் என்று அவள் நினைக்கிறாள். மறைக்கவும் மறைக்கிறாள். ஆனால் பொய்ச்சாட்சி சொன்னவன் கீழே அமர்ந்திருந்த மரம்போல, அழகு வாடித் தீமூண்டு அவள் நெஞ்சு சுடுகிறது. என்ன செய்வேன் என்கிறாள்.

இப்பாடலில் வரும் ஒலிகளுள் குயிலுக்கு மட்டுமே விளித்தல் என்னும் வினை அமைகிறது. அடுத்துவரும் தாழிசைகளில் சிதர் என்னும் வண்டினம் பூச்சுமை தாங்காத கிளையில் தங்குகிறது. சுரும்பு யாழ்போல இசைக்கிறது. அவை தம்போக்கில் நிகழ்பவை. விளித்தல் ஒருவரை நோக்கியது, மறுமொழியை எதிர்பார்ப்பது. குயில் கூவும்போது காலம் வந்துவிட்டது என்ற உண்மை ஊரறியக் கூறப்படுகிறது. அதற்கு எதிரே தலைவி, அவர்மேல் குறையில்லை என்னும் பொருள்பட ஒழுகுகிறாள்.

உவமையில் வரும் பொய்ச்சாட்சி யார்? மரம் குற்றமற்றது, பிறர் சொன்ன பொய்க்கு வாடுவது. ஆகவே மரம் தலைவி, பொய்த்தவன் தலைவன் என்பது முதலில் தோன்றும் விடை. வந்துவிடுவேன் என்ற சொல்லை அவன் காக்கவில்லை. ஆனால் பாடல் ஆளும் சொல் கரி. உறுதி தவறுவது சூள் பொய்த்தல். நடந்ததை அறிந்த ஒருவர் அதற்கு மாறாகக் கூறுவதே கரி பொய்த்தல். அவனுடைய தீமையை நேரில் அறிந்தவள் தலைவி. அதை மறைப்பவளும் அவளே. இவ்வகையில் பொய்ச்சாட்சி அவள். அவள் கீழே அமர்ந்திருக்கும் மரம் அவளுடைய நெஞ்சு. ஊர்மன்றத்து மரத்தடியில் வழக்குத் தீர்த்த மரபையும், பொய்ச்சான்றைத் தாங்காத மரம் பட்டுப்போகும் என்ற நம்பிக்கையையும் நினைவில் கொண்டால், மறைத்தல் என்னும் கற்பொழுக்கத்தை இக்கவிஞர் எவ்வளவு ஆபத்தான இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியுள்ளார் என்பது விளங்கும். கணவனின் குறையைப் புறத்தார்க்குப் புலப்படுத்தாமை நன்று எனக் கொண்டாடும் மரபுக்குள் நின்றே, அது ஒரு பொய் என்றும் அந்தப் பொய் உடலை எரிக்கும் என்றும் தலைவியின் வாயால் கூறப்படுகிறது.

இரண்டாம் உவமை இப்பொருளுக்கு இடந்தருகிறது. முறை தளர்ந்த மன்னனின் கீழ் வாழும் குடிகள்போலக் கண்கள் கலங்கி நீர் வடிக்கின்றன. தன் கண்களை ஆளும் வலிமை இழந்தவள் அவள். மூன்றாவது உவமையோ பிடிகொடுப்பதில்லை. சுற்றம் அழியத் தான் வாழ்பவனின் செல்வம்போல அவள் தோள் பொலிவிழந்து வளை கழல்கிறது. சுற்றத்தை வாடவிட்டுச் செல்வம் நாடும் இம்மனிதனைத் தலைவியாகக் காண்பது அரிது. பாலைக்கலியில் பிரிவு பெரும்பாலும் பொருள்வயிற் பிரிவு. ஆகவே அந்த உவமையில் முகம் காட்டுபவன் தலைவனே எனலாம். முதல் உவமையில் தன்னைக் குற்றவாளியாக்கி அவனை மறைத்தவள், மூன்றாம் உவமைக்கு வருவதற்குள் அவனை வெளிப்படுத்திவிடுகிறாள். நெஞ்சு, கண், தோள் ஆகியவை மட்டுமல்ல, அவள் எடுத்தாளும் உவமைகளும் அவளுடைய காவலை மீறுகின்றன. மூன்று உவமைகளுக்கும் ஒரே ஒப்புமை முறையைத் திணிக்கும் உரைகள் இந்த நகர்வை இழக்கின்றன.

தொடக்கத்து மரங்களை இப்போது மீண்டும் நோக்க வேண்டும். அங்கே பெற்ற நீருக்கு நன்றியாகப் பூச்சொரியும் மரங்கள். இங்கே சொன்ன பொய்யால் எரியும் மரம். குயில் முதல்வகை மரத்தில் அமர்ந்து, இரண்டாம் வகை மரத்தை நோக்கிக் கூவுகிறது. இரண்டும் ஒரே கரையில் இருக்கின்றன.

காஞ்சித்தாது

குயில் அமரும் மரம் காஞ்சியாக இருப்பதும் தற்செயலாகத் தோன்றவில்லை. 192ஆம் குறுந்தொகைப் பாடலில் போல மாமரம் வந்திருந்தாலும் பருவம் புலப்பட்டிருக்கும். காஞ்சி நீர்க்கரை மரம், மருதநிலத்தோடு பழகியது. ஓரம்போகியாரின் குறுந்தொகை 10ஆம் பாடலில் உழவர் வளைத்த காஞ்சிக்கிளை தன் தாதை அவர்கள்மேல் சொரிகிறது. அத்தகைய ஊரனின் கொடுமையைத் தலைவி மறைத்துவிட்டாள், அதனால் அவன் நாணி வருகிறான் என்கிறாள் தோழி. காஞ்சித்தாதும் தலைவனின் குற்றத்தை மறைத்தலும் இரு பாடல்களிலும் இணைந்தே வருகின்றன. ஒன்று மற்றொன்றைக் கடன்கொண்டது என்று முடிவுகட்ட இரண்டு சான்றுகள் போதா. ஆனால் மருதத்தில் வளைந்து கொடுக்கும் அக்கிளையின் மென்மை, தலைவியின் பொறுமைக்கு இணையாக நிற்கிறது. மறைத்தல் அங்கே பலனளிக்கிறது, ஏனெனில் அவன் கண்முன் இருக்கிறான், நாணுகிறான். பாலையில் நாணுவதற்கு அவன் ஊரில் இல்லை. மறைப்பின் சுமை முழுவதும் மறைப்பவள்மேல் திரும்புகிறது. திணை மாறும்போது ஒரே ஒழுக்கத்தின் விலை மாறுவதை இவ்வளவு நுண்மையாகக் காட்டும் ஒப்பீடுகள் அதிகம் இல்லை.

பிற்கால இலக்கியத்தில் குயில் இந்தப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறது. சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையில் அது காமன் படையைச் சேர்ந்த பணியாளாகி, பருவத்தின் வரவை அறிவித்துப் படை கோலம் கொள்ளச் சொல்கிறது. அங்கும் அது அறிவிக்கிறது. ஆனால் ஏவலனாக அறிவிக்கிறது. பாலைக்கலிக் குயிலுக்கு ஏவுபவர் இல்லை. அதன் சொல்லுக்கு மதிப்பு அதனால் கூடுகிறது.

புகுந்தவன்

34ஆம் பாடல் தோழியின் கூற்றோடு முடிகிறது. உள்ளத்து நோயைச் சொல்லிச் சுழலாதே; நாம் எண்ணிய நாள் கடவாமல், பண்ணிய குதிரைகளோடு காதலர் புகுந்துவிட்டார் என்கிறாள். கண்ணுக்கு நேர்ந்த இடரைக் கை விரைந்து களைவதுபோல அவன் வரவு அமைகிறது. இம்முடிவை எளிய நல்முடிவாகக் கொண்டு கடந்துவிடுவதற்கில்லை. எண்ணிய நாள் கடக்கவில்லை என்றால், தலைவி மறைத்த தீமைதான் எது? குயில் உண்மையைத்தான் கூறியது: காலம் வந்துவிட்டது. அதற்கு மேல் அவன் வரமாட்டான் என்று அது கூறவில்லை. அந்தப் பகுதியைச் சேர்த்துக் கேட்டவள் தலைவி.

ஒப்பிட்டால், குறுந்தொகை 192இல் தோழி கூறியதும் இதேபோன்ற ஆறுதலே. அங்கே அவள் சொன்னது வருவார் என்ற எதிர்காலம். தலைவி அதை உரைகல்லில் வைத்து ஒதுக்கினாள். இங்கே தோழி சொல்வது இறந்தகாலம்: புகுந்துவிட்டார். அதற்குத் தலைவியின் மறுமொழி பாட்டில் இல்லை.